ஒரு துளி நீரில் எத்தனை உயிர்?

குழந்தைகள் இயற்கையைப் பற்றி வினவும்போது விடை கூறுவதில் பெரியோர்க்குள்ள பொறுப்பு யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். கேட்ட அளவில் இது சிறியதொரு பொருளாகவே தோன்றும். ஆயினும், கொல்லாமை, பொய்யாமை என்னும் இரண்டு விரதங்களும் ஒன்றையொன்று எதிர்ப்படும் இடம் அதுவே என்பதை யாம் காலம் கடந்தே உணர்ந்தோம். எமக்கு அதனை உணர்த்தியது ஒரு துளி நீரும், ஒரு சிறுமியின் வினாவும் ஆகும்.

வகுப்பில் எழுந்த வினா

1984ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஜினாலய மண்டபத்தில் சிறுவர் சிறுமியர்க்கு நடந்த நன்னெறி வகுப்பில் யாம் பாடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அக்காலத்தில் யாம் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி வந்தமையால், விடுமுறை வகுப்பும் எம்மிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. அன்றைய பாடம் நீரை வடிகட்டி அருந்துதல்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்த முறை. ஆதலால், வீட்டுக் கிணற்றடியில் அன்னையர் குடத்தின் வாயில் துணியை மடித்துக் கட்டி நீர் வார்க்கும் காட்சியிலிருந்து தொடங்கினோம். பின்னர்க் கரும்பலகையில் 36,450 என்னும் எண்ணைப் பெரிதாக எழுதினோம். "ஸ்கோர்ஸ்பி என்னும் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஒருவர், வடிகட்டாத ஒரு துளி நீரில் இத்தனை உயிர்கள் இருப்பதை நுண்ணோக்கியால் கண்டறிந்தார். நம் தீர்த்தங்கரர்கள் கருவி எதுவுமின்றி அன்றே அருளியதை விஞ்ஞானம் இன்று மெய்ப்பித்துவிட்டது" என்றோம். நம்மவர் துண்டு வெளியீடுகளில் அவ்வெண்ணைப் பலமுறை படித்திருந்தோமாதலின், எமக்கு ஐயம் எதுவும் எழவில்லை.

அப்போது பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். "டீச்சர், அவர் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணினார்?" என்றாள். யாம், "எந்தக் கிணறாக இருந்தால் என்ன? தண்ணீர் தண்ணீர்தானே" என்றோம். அவள் உட்காரவில்லை. "வடிகட்டின தண்ணீரையும் அவர் பார்த்தாரா, டீச்சர்? வடிகட்டினால் எத்தனை குறையும்?" என்றாள்.

எமக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யாம் சொன்னது வேறு. "பெரியவர்கள் சொன்னதைக் குறுக்குக் கேள்வி கேட்பது நம் வழக்கமில்லை. உட்கார்" என்று கடிந்தோம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் அமர்ந்தாள். அந்தக் கோடையில் மீண்டும் ஒரு வினாவும் அவள் கேட்கவில்லை. அடுத்த கோடையில் வகுப்புக்கே வரவில்லை. அதற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். எனினும், மாணவர் வினாவை ஊக்குவித்தல் என்பதைப் பாடக்குறிப்பில் அழகாக எழுதி மதிப்பெண் பெற்ற எமக்கு, அந்த நிகழ்ச்சி நெஞ்சில் முள்ளாகவே தங்கிவிட்டது.

எண்ணின் பிறப்பிடம்

பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்தபின், எம் பேத்தியின் துணையோடு அந்த எண்ணின் பிறப்பிடத்தைத் தேடினோம். ஸ்கோர்ஸ்பி என்பவர் மெய்யாகவே வாழ்ந்தவர். வில்லியம் ஸ்கோர்ஸ்பி 1789இல் பிறந்து 1857இல் மறைந்தார். திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவராக இருந்து, வடதுருவக் கடல்களைப் பற்றி அரிய நூல்கள் எழுதி, பிற்காலத்தில் கிறித்தவப் போதகரானவர். அவர் நுண்ணோக்கியால் நீரைப் பார்த்ததும் உண்மையே. ஆனால் அவர் பார்த்தது கிணற்று நீரும் அன்று, ஆற்று நீரும் அன்று. கிரீன்லாந்துப் பகுதியின் கடல் நீர். அதிலும், பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறிக் கிடந்த நீரையே அவர் ஆராய்ந்தார். அந்நிறத்திற்குக் காரணம் நுண்ணுயிர்கள் அங்கே மொய்த்திருந்ததுதான். அவர் ஒவ்வோர் உயிராக எண்ணவில்லை. சிறிதளவு நீரில் கண்டதை வைத்துக் கணக்கிட்டார்.

இன்னொன்றும் கண்டோம். அவர் கூறிய எண் 36,450 அன்று, 26,450. ஒரு டிராம் அளவுக்கு 60 துளி என்று கொண்டால், ஒரு கேலன் நீரில் உள்ள உயிர்கள் உலக மக்கள்தொகையைப் போல் ஒன்றரை மடங்கு ஆகும் என்று அவரே ஒரு கணக்கும் தந்திருக்கிறார். இதைச் சரிபார்ப்பது எளிது. ஒரு கேலன் என்பது 1,024 டிராம். அஃதாவது 61,440 துளிகள். 26,450ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 162 கோடி வருகிறது. அக்காலத்தில் உலக மக்கள்தொகை சுமார் 100 கோடி. கணக்குப் பொருந்துகிறது. 36,450ஆல் பெருக்கினால் 224 கோடி வரும். அது இரு மடங்கிற்கும் மேல். ஆகவே, எங்கோ ஓர் அச்சிலோ படியிலோ 2 என்பது 3 ஆகிவிட்டது. குளிர்க்கடலின் நிறம் மாறிய நீர் வெறும் நீர் ஆகிவிட்டது. அந்தப் பிழையை யாம் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளையும் எழுதவைத்தோம். "எந்தக் கிணற்றுத் தண்ணீர்?" என்ற சிறுமியின் வினா ஒன்றே இத்தனையையும் வெளிப்படுத்தியிருக்கும். அதைத்தான் யாம் உட்காரச் சொன்னோம்.

கற்றோர் கழகமும் கேட்ட வினா

அவள் கேட்டது குறுக்குக் கேள்வியன்று என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. நீரில் வாழும் நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்டு உலகிற்குச் சொன்னவர் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்தில் வாழ்ந்த லீவன்ஹூக் என்பவர். அவர் கல்லூரியில் பயின்ற அறிஞர் அல்லர், துணி வணிகர். துணியின் இழைகளைச் சோதிக்க வணிகர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்துவது வழக்கம். தாமே கண்ணாடிகளைத் தேய்த்துச் செய்துகொண்ட அவர், 1674இல் ஓர் ஏரி நீரை நோக்கி அதில் சிற்றுயிர்கள் திரிவதைக் கண்டார். 1676இல் லண்டன் ராயல் கழகத்திற்கு நீண்ட மடல் ஒன்று எழுதினார்.

கழகத்தார் உடனே நம்பினார்களா? இல்லை. எப்படிக் கண்டீர், எப்படி எண்ணினீர், உம்மோடு கண்டவர் எவர் என்றே கேட்டார்கள். லீவன்ஹூக் சினம் கொள்ளவில்லை. ஊரில் மதிப்புள்ளோரை அழைத்துக் காட்டி, அவர்தம் சான்றுரைகளை வாங்கி அனுப்பினார். 1677இல் ராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் கழகத்தில் தாமே அச்சோதனையைச் செய்து, அவ்வுயிர்களைப் பலர்க்கும் காட்டிய பின்னரே ஐயம் நீங்கிற்று. உலகின் பெரிய அறிஞர் கழகம் கேட்ட வினாவைத்தான் எம் வகுப்பில் பதினொரு வயதுப் பெண்ணும் கேட்டாள். துணி வணிகர் அவ்வினாவை மதித்தார். ஆசிரியையாகிய யாம் மதிக்கவில்லை.

உண்மையில் எத்தனை?

சரி, ஒரு துளி நீரில் எத்தனை உயிர் என்பதற்கு இன்றைய விடை யாது? எந்த நீர் என்று கேட்காமல் விடை சொல்ல இயலாது என்பதே முதல் விடை. கடலின் மேற்பரப்பு நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 இலட்சம் பாக்டீரியங்கள் இருப்பது பொதுவான அளவு. ஒரு மில்லிலிட்டர் ஏறத்தாழ 20 துளி. ஆகவே, ஒரு துளிக் கடல் நீரில் சுமார் 50,000. வைரஸ்களையும் சேர்த்தால் அதைப்போல் பத்து மடங்கிற்கு மேல். இடத்திற்கு இடம், பருவத்திற்குப் பருவம் இது மாறும். கொதிக்கக் காய்ச்சி மூடிவைத்த நீரிலோ உயிருள்ளவை அரிதினும் அரிதாகவே இருக்கும்.

யாம் பெருமைப்பட எடுத்துக்காட்டிய எண்ணைவிடக் கடல் நீரின் உண்மை எண் பெரியது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். நம் கொள்கைக்குப் பொய் துணையாக நிற்கிறது என்று நினைத்தோம். அங்கே துணையே தேவைப்படவில்லை.

மற்றொரு நுட்பமும் உண்டு. நம் ஆகமங்கள் கூறும் நீருடல் உயிர் என்பது நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர். நீரினுள் நீந்தித் திரியும் சிற்றுயிர்கள் அதனின் வேறு. நுண்ணோக்கி காட்டுவது பின்னதையே. முன்னதை அக்கருவி காட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை; அது அக்கருவியின் எல்லைக்குள் வருவதன்று. இரண்டையும் ஒன்றாக்கி, "மெய்ப்பித்துவிட்டது" என்று முழங்குவது ஆகமத்திற்கும் நீதியன்று, விஞ்ஞானத்திற்கும் நீதியன்று. ஒரு பொருளைப் பற்றிக் கூறும்போது, எந்த நோக்கில் கூறுகிறோம் என்பதையும் சேர்த்துக் கூறுக என்று கற்பிக்கும் சியாத்வாதம் நம்முடையதன்றோ? அச்சிறுமி கேட்டது அதைத்தான்.

துணி தடுப்பதும் தடுக்காததும்

இனி, அவளுடைய இரண்டாம் வினா. வடிகட்டினால் எத்தனை குறையும்?

பாக்டீரியம் ஒன்றின் நீளம் பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு. பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்தால் கூட அதன் கண்கள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இருபது பங்கு அகலம் இருக்கும். யானை நுழையும் வாயிலில் பூனை நுழைவதுபோல் பாக்டீரியங்கள் அதனூடே சென்றுவிடும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் துணி தடுப்பது மிகச் சிறிதே. இந்த உண்மையை யாம் மறைக்கலாகாது.

ஆனால் துணி வீணா என்றால், அதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக நீரில் துள்ளும் நீர்த்தெள்ளு முதலியவை, கொசுவின் புழுக்கள், பாசித் துணுக்குகள் ஆகியவற்றை அது தடுத்துவிடும். வங்காளதேசத்தின் மத்லாப் பகுதியில் 65 சிற்றூர்களில், ரீட்டா கோல்வெல் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்தனர். காலராக் கிருமிகள் நீரிலுள்ள மிகச் சிறிய இறால் இன உயிர்களின் உடலில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. பழைய புடவைத் துணியை மடித்து நீரை வடிகட்டியபோது அவ்வுயிர்களோடு கிருமிகளும் தங்கிவிட்டன. காலரா 48 விழுக்காடு குறைந்தது என்று 2003இல் அவர்கள் முடிவை வெளியிட்டனர். புதுப் புடவையை விடப் பலமுறை துவைத்த பழைய புடவையே ஏற்றது என்றும் கண்டனர். துவைக்கத் துவைக்க இழை பஞ்சுபோல் விரிந்து கண்கள் சிறுத்துவிடுகின்றன.

நரம்புச் சிலந்தி நோயை நம் மூத்தோர் அறிவர். காலைப் பிளந்துகொண்டு வெண்ணூல் போன்ற புழு வெளிவரும் கொடிய நோய் அது. நீர்த்தெள்ளின் வயிற்றில் அப்புழுவின் குஞ்சு இருக்கும். அந்நீரைக் குடிப்பவர் உடலில் அது வளரும். இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. குடிநீரைத் துணியில் வடிகட்டுதல், நோயாளி குளத்தில் இறங்காமல் காத்தல், நீர்நிலையில் மருந்திடல் ஆகியவற்றாலேயே அது ஒடுக்கப்பட்டது. இந்தியாவில் 1996இல் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000இல் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவை இந்நோய் நீங்கிய நாடாக அறிவித்தது. 1986இல் உலகில் சுமார் 35 இலட்சம் பேரை வருத்திய நோய், 2023இல் 20 பேருக்கும் குறைவானவரிடமே காணப்பட்டது. இவ்வளவும் செய்தது பெரும்பாலும் ஒரு முழத் துணி.

ஒரே துணி, இருவேறு நோக்கம்

இதைப் படிக்கும் அன்பர்கள் சிலர், "பார்த்தீர்களா, நம் முன்னோர் இதை அறிந்தே வைத்தார்கள்" என்று மகிழக்கூடும். யாமும் ஒரு கணம் அவ்வாறே மகிழ்ந்தோம். பின்னர் எம் அன்னையாரின் கை நினைவுக்கு வந்தது.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் எம் இளமைக்காலம் கழிந்தது. அன்னையார் நீர் இறைத்து, வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் வைத்து வடிகட்டுவார். அதன்பின் துணியை உதறமாட்டார், பிழியவும் மாட்டார். வடிகட்டிய நீரிலேயே சிறிது எடுத்து, துணியின் மறுபுறத்தில் மெல்ல வார்த்து அலசி, அந்த நீரை வாளியில் வாங்கி, வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி நீர்மட்டம் வரை கொண்டுபோய்க் கவிழ்ப்பார். மேலிருந்து ஊற்றினால் அவற்றுக்கு அடிபடும் என்பார். இக்கிணற்று நீரை அக்கிணற்றில் விடமாட்டார். இடம் மாறினால் அவை வாழா என்பார். எத்தனை உயிர் என்று அவர் எண்ணியதே இல்லை. ஸ்கோர்ஸ்பியின் பெயரை அவர் கேட்டதும் இல்லை.

மத்லாப் பெண்கள் வடிகட்டியது அவ்வுயிர்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள. எம் அன்னையார் வடிகட்டியது தம்மிடமிருந்து அவ்வுயிர்களைக் காக்க. துணி ஒன்று, நோக்கம் வேறு. முதல் நோக்கம் நிறைவேறிற்றா என்பதை விஞ்ஞானம் அளந்து சொல்லும். 48 விழுக்காடு என்று எண்ணும் கொடுக்கும். இரண்டாம் நோக்கத்தை அளக்க அதனிடம் கோல் இல்லை. நீரில் என்ன இருக்கிறது என்பது விஞ்ஞானத்தின் வினா. இருப்பதற்கு யாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பது அறத்தின் வினா. முன்னதன் விடையைப் பின்னதன் விடையாகக் காட்டியதே எம் பிழை. உயிர் 26,450 ஆனாலும், ஒன்றே ஆனாலும், வாளியைக் கீழே இறக்கிக் கவிழ்க்கும் அந்தக் கை மாறப்போவதில்லை. மாறாத ஒன்றுக்கு மாறும் எண்ணை முட்டுக் கொடுத்தால், எண் சாயும் நாளில் பிள்ளைகள் அறமும் சாய்ந்தது என்று எண்ணிவிடுவார்கள்.

காய்ச்சினால் சாகுமே?

இக்காலப் பிள்ளைகள் இன்னும் கூர்மையாகக் கேட்கிறார்கள். சென்ற ஆண்டு எம் பேரன், "பாட்டி, முனிவர்கள் காய்ச்சின தண்ணிதான் குடிப்பாங்கன்னு சொல்றீங்க. காய்ச்சினா அதிலிருக்கிற எல்லாம் செத்துடுமே, அது பாவமில்லையா?" என்று கேட்டான். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் அவனையும் உட்காரச் சொல்லியிருப்போம்.

இம்முறை, "ஆமாம், சாகும்" என்றே தொடங்கினோம். சாகாது என்று சொல்வது பொய். சாதகமான சூழலில் சில பாக்டீரியங்கள் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும். காய்ச்சாத நீர் பாத்திரத்தில் இருக்க இருக்க அவை பெருகும். குடிக்கும்தோறும் கேடு பெருகும். ஒருமுறை காய்ச்சிய நீரில் ஒரு குறிப்பிட்ட காலம் வரை அப்பெருக்கம் நின்றுவிடுகிறது. ஆதலால் தொடர்ந்து நிகழும் கேட்டைக் குறைக்க, ஒருமுறை நிகழும் கேட்டைப் பெரியோர் ஏற்றனர் என்று விளக்கம் கூறுவர். முனிவர் தமக்கெனக் காய்ச்சச் சொல்வதும் இல்லை.

"அப்போ கேடே இல்லாம வாழ முடியாதா, பாட்டி?" என்றான். இல்லறத்தார்க்கு முடியாது என்றோம். வேண்டுமென்றே கொல்லும் கொலையை அறவே விடுக என்றும், சமைத்தல், பெருக்குதல், உழுதல் போன்ற தொழில்களில் நேரும் கேட்டை இயன்றவரை குறைத்துக்கொள்க என்றும் நம் நூல்கள் இரண்டையும் பிரித்தே வைத்துள்ளன. கேடே செய்யாதவர் என்று எம்மைச் சொல்லிக்கொள்ள எமக்கு உரிமை இல்லை; கேட்டை அறிந்து குறைப்பவர் என்று சொல்லிக்கொள்ளவே முயல வேண்டும். அவன் முழுவதும் ஒப்புக்கொண்டான் என்று சொல்லமாட்டோம். "யோசிக்கிறேன் பாட்டி" என்று எழுந்து போனான். அதுவே எமக்குப் போதுமானதாக இருந்தது.

நன்மை தரும் பொய்

இங்கே ஒரு தடை எழும். தீமையற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இடம் தந்துள்ளாரே. ஓர் எண் சற்றுப் பிழையாக இருந்தாலும் பிள்ளைகள் உயிரிரக்கம் கொள்வார்களாயின் குற்றம் என்ன என்று கேட்கலாம்.

குற்றமற்ற நன்மை என்பதே அங்கே உயிரான நிபந்தனை. இப்பொய்யால் வந்த நன்மை குற்றமற்றதா? ஒரு சிறுமியின் வாய் அடைபட்டது. வகுப்பு முழுவதும், கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கற்றது. உண்மையை அறியும் நாளில் அப்பிள்ளைகள் எண்ணை மட்டுமா ஐயுறுவார்கள்? எண்ணோடு சேர்த்துச் சொன்ன இரக்கத்தையும் அன்றோ ஐயுறுவார்கள்? வள்ளுவர் கொல்லாமையை முதல் அறமாக நிறுத்தி, பொய்யாமையை அதற்கு அடுத்தே வைத்தார். அடுத்து நிற்பதை அகற்றிவிட்டால் முதலாவது தனித்து நெடுநாள் நிற்காது என்பது எம் துணிபு. யாரைத் துன்புறுத்துகிறோம் என்று மெய்யாக அறியாதவர் எவ்வாறு துன்பத்தைக் குறைப்பார்?

நமக்கு இனிக்கும் பொய்யே நம்மை எளிதில் வீழ்த்தும் என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு கூறுவோம். 1966இல் நியூயார்க்கில் பாக்ஸ்டர் என்பவர், பொய்யைக் கண்டறியும் கருவியை வீட்டுச் செடியொன்றின் இலையில் பொருத்தி, இலையை எரிக்கலாம் என்று தாம் நினைத்த அளவிலேயே செடி அஞ்சியது என்றார். 1973இல் வெளிவந்த ஒரு நூலால் அச்செய்தி உலகெங்கும் பரவியது. தாவரத்திற்கும் உயிர் உண்டு என்னும் நமக்கு அது தேனாக இனித்தது. யாமும் அதை மேடைகளில் கூறியிருக்கிறோம். ஆனால் பிறர் உணர்வைச் செடிகள் அறியும் என்ற அவர் சோதனையை 1975இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் கவனமாகத் திரும்பச் செய்தபோது அத்தகைய விளைவு கிடைக்கவில்லை. தாவரம் தூண்டலுக்கு மின்குறியால் மறுவினை புரிகிறது என்று ஜகதீச சந்திர போஸ் காட்டியது நிலைத்து நிற்கிறது. தாவரம் வலியை உணர்கிறதா என்பதில் அறிஞர் இன்றும் உடன்படவில்லை. கீரையைக் கிள்ளும்போது கை தயங்குவதற்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; முடிவு வந்துவிட்டதாகக் கூறவும் வேண்டியதில்லை.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும்

வினா எழுப்பும் பிள்ளைக்கு, "எனக்குத் தெரியாது; சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்வதில் இழுக்கு இல்லை. கோடை வகுப்பு நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிகளில் இருக்கும் எளிய நுண்ணோக்கி ஒன்றை இரவல் பெறுங்கள். ஒரு பிடி வைக்கோலைக் குளத்து நீரில் இட்டுச் சில நாள் வைத்திருங்கள். அதில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லின் மேல் வைத்துப் பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். செருப்பின் வடிவில் விரைந்தோடும் உயிர் ஒன்று, முட்டினால் பின்வாங்கி வேறு வழியில் திரும்புவதைக் காண்பார்கள். எத்தனை என்று அவர்களே எண்ணட்டும். ஒருவர் எண்ணியது மற்றவர் எண்ணியதோடு ஒத்துவராமல் போகட்டும். ஏன் என்று பேசட்டும். பார்த்து முடித்ததும், அந்நீரை எடுத்த குளத்திற்கே கொண்டுபோய், நீர்மட்டத்தில் தாழ்த்தி, மெல்ல விடச் சொல்லுங்கள். அவ்வளவு போதும். விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது என்று அன்று எவரும் சொல்ல வேண்டியிராது.

இப்போது கிணறுகள் தூர்ந்து, குழாயும் ஆழ்துளைக் கிணறும் வந்துவிட்டன. அலசிய நீரை எடுத்த இடத்தில் விட இயலாத வீடுகளில் என்ன செய்வது என்று இளைய மருமக்கள் கேட்கிறார்கள். இதற்கு முழு விடை எம்மிடம் இல்லை. அறிந்த பெரியோர் இவ்விதழில் எழுதினால் யாமும் கற்றுக்கொள்வோம்.

1984ஆம் ஆண்டுக் கோடையில் கேள்வி கேட்ட அச்சிறுமிக்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். எங்கே இருக்கிறாள் என்பதை அறியோம். நம் குடும்பங்கள் பலவற்றில் இவ்விதழ் படிக்கப்படுவதால், அவள் கண்ணிலும் படக்கூடும். அம்மா, அது கிணற்று நீர் அன்று. கிரீன்லாந்துக் கடல் நீர். எண்ணும் பிழை. வடிகட்டினால் எண்ணிக்கையில் குறைவது சிறிதே. ஆனாலும் துணி வேண்டும். நீ கேட்டது சரியான கேள்வி. உட்காரச் சொன்னது எம் தவறு.